காளைக்கு ஐந்து சுதந்திரங்கள், காளையருக்கு ஓர் உறுதிமொழி: ஜல்லிக்கட்டு வழக்குகளை ஆத்தூரிலிருந்து வாசித்தல்

ஆத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வக்காலத்து, வாரிசுச் சான்று மனு, பாகப்பிரிவினை என்று மற்றவர்களின் வாக்கியங்களை அடித்துக் கொடுத்தே கண் பூத்துப்போனவன். தை பிறந்தால் எனக்கு வேறொரு வகைப் பிரதி வரும். கூலமேடு, தம்மம்பட்டி, உலிபுரம், நாகியம்பட்டி என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் மாடு விடுகிற ஊர்கள் உண்டு. அனுமதிக்கு மனு, தடுப்புக் கட்டைக்குச் சான்று, மாட்டுக்கு டாக்டர் சான்று, பெயர்ப் பட்டியல். எல்லாம் மூன்று நகல்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு விழாக் கமிட்டிக்காரர் (ஊர்ப் பெயர் இங்கே தேவையில்லை) மாடு பிடிக்கிறவர்களிடம் வாங்குவதற்கு உறுதிமொழிப் படிவம் அடித்துத் தரச் சொன்னார். மாதிரிக்கு ஒரு தாளையும் கொண்டுவந்திருந்தார். படித்துப் பார்த்தால் அது ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் சம்மதப் படிவம். "அறுவைசிகிச்சை" என்ற இடத்தில் "ஜல்லிக்கட்டு" என்றும் "மருத்துவர்" என்ற இடத்தில் "விழாக் குழுவினர்" என்றும் பேனாவால் மாற்றியிருந்தார். மற்றதெல்லாம் அப்படியே: காயமோ உயிர்ச்சேதமோ ஏற்பட்டால் யாரும் பொறுப்பல்ல, நானும் என் வாரிசுகளும் எந்த நஷ்டஈடும் கோரமாட்டோம், இதைச் சுய நினைவுடன், யாருடைய தூண்டுதலும் இன்றி எழுதிக் கொடுக்கிறேன். முந்நூறு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு உறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த முந்நூறில் ஒன்றில் கையெழுத்துப் போட்டவன் எங்கள் பக்கத்துத் தெருப் பையன். சேகோவில் மூட்டை தூக்குகிறவன். முதல் சுற்றில் இறங்கி ஒரு மாட்டின் திமிலைப் பிடித்து ஒரு அண்டாவும் வாங்கிவிட்டான். சுற்று முடிந்ததும் பனியனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஓடி வருகிற மாட்டைக் கயிறு போட்டுப் பிடிக்கிற இடத்துக்குப் போயிருக்கிறான். சிநேகிதன் மாடு. களத்தைத் தாண்டிவிட்ட மாடு திரும்பியது. தொடையில் குத்து. நரம்பு போய், இப்போது ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். கமிட்டியிடம் கேட்கப் போன அவன் அம்மாவுக்குக் கிடைத்த பதில்: "அவன் கையெழுத்துப் போட்டது உள்ள நின்னு பிடிக்கறதுக்குங்க. வெளிய போய் நிக்கச் சொன்னது யாருங்க?" சரி, உள்ளேயே குத்துப்பட்டிருந்தால்? "கையெழுத்துப் போட்டிருக்கானேங்க."

உள்ளே நின்றால் சம்மதித்தவன். வெளியே நின்றால் அத்துமீறியவன். இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரு உடம்பு விழுந்து கிடக்கிறது. ஜல்லிக்கட்டு பற்றி நம் பக்கம் எழுதப்பட்டவை கொஞ்சநஞ்சமல்ல. பண்பாடு, அடையாளம், நாட்டுமாடு, பன்னாட்டுச் சதி, சாதி, ஆண்மை என்று எல்லாச் சொல்லாடல்களும் வந்து போயின. இந்த உடம்பைப் பற்றிச் சட்டம் என்ன பேசியது என்ற கேள்வி மட்டும் யாருக்கும் கவர்ச்சியாக இல்லை. அதனால்தான் தீர்ப்புகளைப் பிரதிகளாக எடுத்து வாசிக்கிறேன். நான் வக்கீல் இல்லை. அடித்துக் கொடுப்பவன். ஆனால் அடித்துக் கொடுப்பவனுக்கு எந்த வாக்கியம் எங்கிருந்து பெயர்த்து வரப்பட்டது என்று தெரியும்.

*

2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. நீதிபதிகள் கே. எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஸ். வழக்கின் பெயர் இந்திய விலங்குகள் நல வாரியம் எதிர் ஏ. நாகராஜா. சட்டக்கல்லூரிகளில் 'நாகராஜா வழக்கு' என்றே பாடம் நடக்கிறது. யார் இந்த நாகராஜா? மாட்டுக்காரரா, விழாக் கமிட்டித் தலைவரா, பண்பாட்டுக் காவலரா? மாடு பார்க்கப் போய்க் குத்துப்பட்டுச் செத்த ஓர் இளைஞனின் தகப்பன். ராமநாதபுரம் பக்கம் ரேக்ளாப் பந்தயத்துக்கு அனுமதி கேட்டு ஒருவர் போட்ட மனு மதுரைக் கிளையில் விசாரணைக்கு வந்தபோது, தன் மகன் சாவைச் சொல்லி வழக்கில் தன்னையும் சேர்த்துக்கொண்டவர். 2006 மார்ச்சில் நீதிபதி ஆர். பானுமதி ரேக்ளாவோடு ஜல்லிக்கட்டையும் சேர்த்தே தடுத்தார். 2007 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. விலங்குகள் நல வாரியம் டெல்லிக்குப் போனது. இடையில் 2009இல் மாநில அரசு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 2011 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. பிறகுதான் 2014.

இந்த எட்டு வருஷத்தில் ஒரு மகனின் சாவு எப்படி ஒரு காளையின் வலியாக உருமாறியது என்பதுதான் அந்தத் தீர்ப்பை வாசிக்கையில் என்னைத் தொந்தரவு செய்கிறது. கோர்ட்டைக் குறை சொல்லவில்லை. அதன் முன்னால் இருந்த ஆயுதம் 1960ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு விலங்கு மட்டும்தான் கண்ணில் படும். வாலை முறுக்கியது, காதை வெட்டியது, கண்ணில் எரிச்சலூட்டும் பொருள் தடவியது என்று அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரிலிருந்து வாரியத்தின் பார்வையாளர்கள் கொடுத்த அறிக்கைகள் பக்கம் பக்கமாக வருகின்றன. அவை பொய்யல்ல. நானே சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். விலங்குக்கு ஐந்து சுதந்திரங்கள் உண்டு என்று தீர்ப்பு எழுதியது: பசியிலிருந்தும் தாகத்திலிருந்தும், அச்சத்திலிருந்தும், உடல் அசௌகரியத்திலிருந்தும், வலியிலிருந்தும் காயத்திலிருந்தும் சுதந்திரம், தன் இயல்பின்படி நடந்துகொள்ளும் சுதந்திரம். அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவின் 'உயிர்' என்ற சொல்லை விலங்குவரைக்கும் நீட்டித்தது. பெரிய காரியம்தான். ஆனால் வழக்கின் தலைப்பில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தகப்பனின் உயிரிழப்புக்கு அந்த 21 எவ்வளவு தூரம் நீண்டது?

சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' (1959) இங்கே ஞாபகத்துக்கு வராமல் போகாது. அதில் அம்புலி என்ற தகப்பனை ஜமீன்தாரின் காரிக்காளை கொன்றிருக்கிறது. மகன் பிச்சி அதே காரியைத் தேடிக் களத்துக்கு வருகிறான், அணைகிறான். கடைசியில் ஜமீன்தார் தன் காளையைச் சுட்டுவிடுகிறார். மாட்டுக்கும் மனிதனுக்கும் நடுவிலான மோதலின் காவியமாகத்தான் அதைச் சிலாகித்திருக்கிறோம். சட்டப் பிரதியாக வாசித்தால் வேறொன்று தெரிகிறது. இரண்டு தலைமுறைக் கணக்கும் மாட்டின் தலையில் எழுதப்பட்டு, மாடு சாவதோடு முடிக்கப்படுகிறது. மேடைமேல் உட்கார்ந்து மாட்டை அவிழ்த்துவிடச் சொன்னவன் கணக்கில் ஒரு காலணா கூடப் பற்று எழுதப்படவில்லை. இங்கிலாந்தில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனைக் கொன்ற மாட்டையோ வண்டிச் சக்கரத்தையோ 'குற்றம் செய்த பொருள்' என்று அரசன் பறிமுதல் செய்துகொள்வான், அல்லது அதன் விலையைக் கட்டச் சொல்வான். ரயில் வந்து, எஞ்சின் ஆளைக் கொல்ல ஆரம்பித்ததும் கம்பெனிகளுக்கு அது கட்டுப்படியாகவில்லை, 1846இல் ஒழித்தார்கள். அதே வருஷம், செத்தவன் குடும்பம் பொறுப்பாளியின்மேல் வழக்குப் போடலாம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் பிள்ளைதான் நம்மிடம் இன்றும் இருக்கிற 1855ஆம் வருஷத்து மரண விபத்துச் சட்டம். ஜமீன்தாரின் துப்பாக்கி 1846க்கு முந்தைய சட்டம்.

நாவலில் தகப்பன் செத்தான், மகன் களத்துக்குப் போனான். நிஜத்தில் மகன் செத்தான், தகப்பன் கோர்ட்டுக்குப் போனார். வாடிவாசலை விட்டு வெளியேறி நடந்தவர் அவர். அவரைக் கொண்டாட நம்மிடம் ஒரு கதையும் இல்லை. மாட்டுக்காரர்களுக்கு அவர் துரோகி. விலங்கு ஆர்வலர்களுக்கு வழக்கு எண்ணில் வரும் ஒரு பெயர்.

*

பிறகு 2017. மெரினா. அதைப் பற்றி எழுதியவர்கள் பலர், நான் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம். மறுநாளே புதுக்கோட்டை ராப்பூசலில் மாடு விட்டார்கள், இரண்டு பேர் செத்தார்கள். வெற்றிக் களிப்பில் அந்தச் செய்திக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்று அன்றைய பேப்பர்களைப் புரட்டினால் தெரியும்.

இப்போது எங்கள் ஊர்ப் பையன் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு தூரம் திமிலைப் பிடித்துப் போகலாம், தடுப்பு எத்தனை வரிசை, டாக்டர் இருக்கிறாரா என்பதையெல்லாம் நிர்ணயிக்கிற விதிகளின் பெயரைக் கவனியுங்கள்: தமிழ்நாடு விலங்குவதைத் தடுப்பு (ஜல்லிக்கட்டு நடத்துதல்) விதிகள், 2017. மனிதனின் பாதுகாப்பு விலங்குவதைச் சட்டத்துக்குள் குடக்கூலிக்கு இருக்கிறது. 2009ஆம் வருஷத்துச் சட்டத்துக்காவது ஜல்லிக்கட்டு என்ற சொந்தப் பெயர் இருந்தது. மத்தியச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று 2014 அதைத் தள்ளியது. 2017இல் அந்த முரண்பாட்டைத் தவிர்க்க, மத்தியச் சட்டத்துக்கே மாநிலத் திருத்தம் போட்டு ஜனாதிபதி ஒப்புதல் வாங்கினார்கள். சட்ட நுணுக்கமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். 2023 மே 18 அன்று கே. எம். ஜோசப் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. பண்பாடா இல்லையா என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்துகொள்ளட்டும், புதிய விதிகள் மாட்டின் வலியைப் போதுமான அளவு குறைக்கின்றன என்பது சாரம். அங்கேயும் அளவுகோல் மாட்டின் வலிதான். (திருத்தத்தில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் சேலம் பக்கத்து எருதாட்டத்துக்கு அந்தப் பட்டியலில் பெயர் இல்லை. மதுரைக்குக் கிடைக்கிற பண்பாடு வேறு, நமக்குக் கிடைக்கிறது வேறு.)

விதிகளில் ஒரு பதினைந்து மீட்டர் இருக்கிறது. வாடியிலிருந்து அந்தத் தூரத்துக்குள்தான் மாட்டை அணையலாம். வழிமறிக்கக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பைத் தொடக் கூடாது. மாட்டின் உரிமைக்கு இது நல்ல தூரம். ஆனால் பதினைந்தாவது மீட்டரில் சட்டம் நிற்கிறது, மாடு நிற்பதில்லை. மூச்சிரைக்க, மிரண்டு, வெறியோடு ஓடுகிற மாட்டை அதற்குப் பிறகு கயிறு போட்டுப் பிடித்தாக வேண்டும். பிடிக்கிறவன் மாட்டுக்காரனின் தம்பி, கூலியாள், சிநேகிதன். சுற்றிலும் வேடிக்கை பார்க்கிற கூட்டம். 2018இல் பாலமேட்டில் செத்தது 19 வயதுப் பார்வையாளர். 2019 ஜனவரியில் விராலிமலையில் 1,300க்கு மேற்பட்ட மாடுகளை விட்டு உலக சாதனை செய்தார்கள். அன்று செத்த இருவரும் பார்க்க வந்தவர்கள். சாதனைச் சான்றிதழில் மாடுகளின் எண்ணிக்கைதான் இருக்கும்.

*

சட்டத்தில் பழைய லத்தீன் கோட்பாடு ஒன்று உண்டு. வொலன்டி நான் ஃபிட் இஞ்சூரியா. விரும்பி ஏற்றவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கு என்று ஒன்றில்லை. விளையாட்டு வழக்குகளில் இதுதான் முதல் கேடயம். நான் அடித்த படிவத்தின் தாய்வாக்கியமும் இதுவே. ஆனால் இந்தக் கேடயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஓட்டைகள் தெரிகின்றன.

முதலாவது நம்முடைய தண்டனைச் சட்டத்திலேயே இருக்கிறது. 1860இன் 87ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 25. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவன் சம்மதித்தால் அந்தச் செயலால் வரும் தீங்கு குற்றமல்ல என்று அது சொல்கிறது. இரண்டு பேர் பொழுதுபோக்குக்கு வாள்வீச்சுப் பழகுவதை உதாரணமாகவும் காட்டுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமும் இருக்கக் கூடாது, விளையக்கூடும் என்ற அறிவும் இருக்கக் கூடாது. களத்துக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸை நிறுத்தி வைக்கிற விழாவில் அந்த அறிவு இல்லையென்று யார் சொல்வது?

இரண்டாவது, இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் வழக்கு. 1930இல் கார்ப் பந்தயத்தில் ஒரு கார் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து இருவர் இறந்தார்கள். 1932இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மைதானக்காரர்களை விடுவித்தது. காரணம் என்ன? இருபத்துமூன்று வருஷத்தில் அப்படி ஒரு கார் பாய்ந்ததே இல்லை, எதிர்பார்த்திருக்க முடியாது. இந்தத் தர்க்கத்தை அப்படியே வாடிவாசலில் கொண்டுவந்து வைத்தால் அது தலைகீழாகிவிடுகிறது. இங்கே தை தவறாமல் குத்து நடக்கிறது. எதிர்பாராதது என்ற சொல்லை எந்த விழாக் கமிட்டியும், எந்தக் கலெக்டர் ஆபீசும் பயன்படுத்த முடியாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. வளர்ப்பு விலங்கு ஒருவனைக் காயப்படுத்தினால், அதன் முரட்டு சுபாவம் சொந்தக்காரனுக்கு முன்பே தெரிந்திருந்ததா என்று பழைய பொதுச் சட்டம் கேட்கும். தெரிந்திருந்தால் பொறுப்பு அவன் தலையில். தெரியாது என்றுதான் சாதாரணமாக நாய் வளர்க்கிறவர்கள் சாதிப்பார்கள். நம்முடைய களத்தில் மைக் வைத்தே அறிவிக்கிறார்கள்: "இது தொட்டுப் பார்க்கற மாடு இல்ல தம்பி, தொட்டா ஒரு பீரோ, நின்னு வெளையாடற மாடு, குத்துற மாடு, ஒதுங்கிக்க!" கோர்ட்டில் இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்குமா?

ஆக, சட்டத்தில் வழியே இல்லை என்பதல்ல. வழி இருக்கிறது, அது எங்கள் தெருவுக்கு வருவதில்லை. 1855ஆம் வருஷத்துச் சட்டத்தில் வழக்குப் போட கோர்ட் கட்டணம், வக்கீல், சாட்சி வேண்டும். சொந்த ஊர்க் கமிட்டிக்கு எதிராக, சொந்தச் சாமியின் விழாவுக்கு எதிராக ஊர்க்காரன் எவன் சாட்சி சொல்வான்? கமிட்டியில் இருப்பவர் நிலக்காரர். செத்தவன் அவர் தோட்டத்தில் குச்சிக்கிழங்கு பிடுங்கப் போகிறவன். இந்த இடத்தில் சாதியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை, யார் மாடு முதலில் அவிழ்கிறது, யார் பெயர் மைக்கில் வருகிறது, யார் தடுப்புக்கு வெளியே நிற்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

*

இதே பையன் சேகோவில் மூட்டை சரிந்து கால் ஒடிந்திருந்தால் கதை வேறு. ஈட்டுறுதிக்குச் சட்டம் இருக்கிறது, ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. முதலாளி கொடுக்காமல் இழுத்தடிப்பார் என்பது வேறு விஷயம். ஆனால் முதலாளியின் தப்பைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. உழைக்கிற இடத்தில் அடிபட்டான், அது போதும். பிரான்சில் 1898இல் வந்த தொழில் விபத்துச் சட்டத்தைப் பற்றி, ஃபூக்கோவின் உதவியாளராக இருந்த பிரான்சுவா எவால்ட் விரிவாக எழுதியிருக்கிறார். விபத்து என்பது யாரோ ஒருவரின் பாவம் என்ற நிலை மாறி, இயந்திரத்தோடு கூடவே பிறக்கும் சமூகச் செலவு என்றானது. தப்பு என்ற சொல்லை ரிஸ்க் என்ற சொல் அகற்றியது. பைபாஸில் லாரி அடித்தால் மோட்டார் வாகனத் தீர்ப்பாயம் இருக்கிறது, இன்சூரன்ஸ் கட்டாயம். மாடு அடித்தால் ஒன்றுமில்லை. மாடு மோட்டார் வாகனமல்ல, களம் தொழிற்சாலையல்ல, பிடிக்கிறவன் தொழிலாளியல்ல. பண்பாடு என்ற சொல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

அதற்குப் பதில் இருப்பது நிவாரணம். 2023 தைப் பொங்கலில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து மூன்று லட்சம் அறிவித்தார்கள். மத்திய அரசின் விபத்துக் காப்பீட்டில் வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டினால் சாவுக்கு இரண்டு லட்சம். கிடைத்தவரை நல்லதுதான், நான் கேலி செய்யவில்லை. ஆனால் நிவாரணம் கருணையின் மொழி. அதைக் கேட்டு வாங்க முடியாது, அறிவித்தால் வாங்கிக்கொள்ளலாம். செத்தால் வரும், காலை இழுத்து நடக்கிறவனுக்கு வராது. ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்று இப்போது கலெக்டர் ஆபீஸ் கூட்டங்களில் பேசுகிறார்கள். யாருடைய ரிஸ்க்? தாள்களை அடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நிர்வகிக்கப்படுவது கமிட்டியின் ரிஸ்க், அதிகாரியின் ரிஸ்க். படிவம் என்பது ஆபத்தைக் குறைக்கிற கருவியல்ல. ஆபத்தை மேடையிலிருந்து கீழே தள்ளிவிடுகிற கருவி.

தோழர் ஒருவர் சண்டைக்கு வந்தார். "இன்சூரன்ஸ், நஷ்டஈடுன்னு பேசிப் பேசி ஊர்த் திருவிழாவ கார்ப்பரேட் ஈவென்ட் ஆக்கப் பாக்கறீங்களா? சின்ன ஊர்க்காரன் எங்க போய் பிரீமியம் கட்டுவான்? கடைசில மதுரை ஸ்டேடியத்துல மட்டும்தான் மாடு ஓடும்." இதில் நியாயம் இருக்கிறது. 2024 ஜனவரியில் கீழக்கரையில் கலைஞர் பெயரில் அரங்கம் திறந்தாயிற்று, திசை அதுதான். பாதுகாப்பு விதிகள் கூடக் கூட, கட்டுப்படியாகிற ஊர்கள் குறையும். ஆனால் இந்தப் பிரச்சினைக்கு விடை, செலவைக் குத்துப்பட்டவன் தலையிலேயே விட்டுவைப்பதா? ஜனவரி முதல் மே வரை எந்த ஊரில் எத்தனை மாடு என்று அரசுக்குத் தெரிகிறது. அனுமதி கொடுப்பது அரசு, பண்பாடு என்று சட்டமே போட்டதும் அரசு. அப்படியானால் அனுமதியோடு சேர்த்து ஒரு பொது நிதி. தப்பு யாருடையது என்று கேட்காமல், உள்ளே வெளியே என்று கேட்காமல், காயத்தின் அளவுக்கு உரிமையாக ஈடு. மாட்டைக் கயிறு போடுகிற இடம்வரை களம் என்று விதியில் ஒரு திருத்தம். கேட்பது இவ்வளவுதான். தடை கேட்கவில்லை.

இதில் எனக்கே பதில் இல்லாத ஒரு சிக்கலும் உண்டு. கேஸ் போடலாமா என்று அந்தப் பையனிடம் கேட்டேன். "வேண்டாங்ண்ணா. காசு வாங்குனா மாட்டுகிட்டத் தோத்துட்டுக் காசு வாங்குனவன்னு பேராயிரும்" என்றான். சேகோவில் கால் ஒடிந்திருந்தால் இந்த வெட்கம் வந்திருக்குமா என்று கேட்டேன். சிரித்தான். "மூட்டைய எவன் ஜெயிக்கப் போறான்?"

இந்தத் தையிலும் கமிட்டிக்காரர் வந்தார், அதே படிவம். இம்முறை நான் ஒரு வரி சேர்த்து அடித்து வைத்திருந்தேன்: மாடுகளைப் பிடித்துக் கட்டும் இடம் வரையில் ஏற்படும் காயங்களுக்கான மருத்துவச் செலவை விழாக் குழு ஏற்கும். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி நிதானமாகப் படித்தார். கோபப்படவில்லை. என் பேனாவையே வாங்கி அந்த வரியை அடித்தார். "நல்ல வரிதானுங்க. ஆனா இப்படி எழுதுனா, அங்க காயம்படும்னு நமக்கு முன்னாடியே தெரியும்னு ஆயிருமில்லீங்க? வேண்டாம், பழைய மாதிரியே போடுங்க."

பழைய மாதிரியே போட்டேன். இந்த வருஷம் நானூறு பிரதி.